தைமாதத்தில் வீடு பாருங்கள்: ஜேர்மன் கடவுச்சீட்டோடு ஸ்பெயினுக்குக் குடிபோகிறவர்களுக்கு

ஜேர்மனியில் ஹம் நகரத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தோம். அதில் இருபத்தாறு வருடம் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். பென்சன் வந்த கையோடு நானும் இவரும் ஸ்பெயினில் டேனியா என்ற சிறு கடற்கரைப் பட்டினத்துக்கு வந்துவிட்டோம். இவருடைய முழங்கால்தான் காரணம். கார்த்திகை பிறந்தால் பங்குனி முடியும்வரை அந்தக் குளிரில் அவரால் படி ஏற முடியாது. இப்போது கிழமைக்கு ஒருவராவது போன் எடுத்து, "அக்கா, நாங்களும் வரலாமென்று யோசிக்கிறோம், முதலில் என்ன செய்யவேணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணித்தியாலம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இது ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நிரந்தர வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் பொதுவாக அந்த அனுமதியே போய்விடும். அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முதல் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்கவேண்டும்.

"ஊருக்கே போயிருக்கலாமே" என்றும் கேட்கிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஜேர்மன் அரச மருத்துவக் காப்புறுதி ஊரில், அதாவது இலங்கையில், செல்லாது, ஸ்பெயினில் செல்லும். அறுபத்தாறு வயதில் அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வீடு

நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்கிறேன். ஆடி மாதம் விடுமுறையில் வந்து வீடு பார்த்தோம். மொன்கோ மலையடிவாரம், ஒரேஞ்சுத் தோட்டம், பளிங்கு மாதிரித் தரை, உள்ளே போனால் குளுகுளு என்று இருந்தது. அங்கேயே கையெழுத்து வைத்தோம்.

மார்கழி வந்தது. அந்தக் குளுகுளு போகவில்லை! மொன்கோ 753 மீற்றர் உயரம். எங்கள் வீடு அதன் வடக்குப் பக்கம். ஆடியில் சூரியன் உச்சியில் நின்றதால் மலைக்கு நிழல் உண்டென்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும்போது எங்கள் தெரு மதியம்வரை நிழலுக்குள் கிடந்தது. வீட்டுக்குள் 13 பாகை. ஜேர்மனியில் வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் உள்ளே மேற்சட்டை இல்லாமல் இருக்கலாம். இங்கே வெளியே வெயில் காய்ந்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது ஜக்கெட் போடவேண்டும். இந்தக் கடற்கரைப் பழைய வீடுகள் பலவற்றில் சூடாக்கும் குழாய்கள் இல்லை, யன்னல் ஒற்றைக் கண்ணாடி, சுவருக்குள் குளிரைத் தடுக்க ஒன்றும் வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். அந்த வருடத் தைப்பொங்கலன்று பானையை வாசலில் வைத்தால் சூரியனைக் காணோம். பொங்கின பானையைத் துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி, வெயில் விழுகிற ஒரு மதிலடியில் வைத்துப் படைத்தோம். நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே நான் சொல்வது, முதல் தடவை கார்த்திகையிலிருந்து பங்குனிவரை வாடகைக்கு வந்து இருந்து பாருங்கள். அந்த மாதங்களில் கடற்கரை ஊர்களில் "தெம்பொராடா" என்கிற பருவகால ஒப்பந்தத்துக்கு வீடு கிடைக்கும், கோடையைவிட மலிவு. பிடித்தால் பிறகு நீண்டகால ஒப்பந்தம். இரண்டும் ஒன்றல்ல, கவனம். நீண்டகால ஒப்பந்தம் என்றால் ஐந்து வருடம்வரை இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆறு மாதம் கழிந்தபின் முப்பது நாள் முன்னறிவித்தல் கொடுத்து நீங்களே விலகலாம். சட்டப்படி முற்பணம் ஒரு மாத வாடகை, அதற்குமேல் உத்தரவாதமாக இன்னும் இரண்டு மாதம்வரை கேட்கலாம். 2023இல் வந்த வீட்டுச் சட்டத்தின்படி தரகர் கூலி வீட்டுக்காரருடைய செலவு. பருவகால ஒப்பந்தத்துக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. அதனால்தான் சிலர் வருடம் முழுக்க இருக்கப்போகிறவரிடமும் பதினொரு மாதம் என்று எழுதிய பருவகாலத் தாளை நீட்டுவார்கள்.

பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்கு ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை போங்கள். வரவேற்பறை தெற்கு பார்த்திருக்கவேண்டும். அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று வெட்கப்படாமல் எட்டிப் பாருங்கள். மின்சார ஒப்பந்தத்தில் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் 3.45 இருந்தால், அவணும் ஏசியும் சோற்றுக் குக்கரும் ஒன்றாக ஓடும்போது "டக்" என்று முழு வீடும் இருண்டுவிடும். கூட்டிக் கேட்கலாம், மாதக் கட்டணமும் கூடும். எரிவாயு அடுப்பு என்றால் செம்மஞ்சள் நிறச் சிலிண்டர். உள்ளே 12.5 கிலோ வாயு, இரும்போடு சேர்த்தால் இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். மூன்றாம் மாடியில் லிப்ட் இல்லாத வீடு எடுப்பவர்கள் அதை யார் தூக்குவது என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெள்ளம். 2024 ஒக்டோபர் 29 அன்று வலென்சியாப் பக்கம் வந்த வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பல இடங்களில் மழையே பெய்யாத தெருவுக்குள் மேலிருந்து வந்த தண்ணீர் புகுந்தது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஆற்றுப் படுக்கைகள் இங்கே நிறைய. அதன் கரையில், அதுவும் நிலமட்டத்தில், வீடு மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள். வெள்ள அபாய வரைபடத்தை அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது, விலாசத்தை அடித்துப் பார்க்கலாம்.

ஜேர்மனியில் கடைசி மூன்று மாதம்

வாடகை வீட்டை விடுவதற்கு மூன்று மாத முன்னறிவித்தல். அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டுமென்றால் கடிதம் மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும். மின்னஞ்சல் செல்லாது, மையால் கையெழுத்து வைத்த தாள்தான்.

அதே கிழமையில் உங்கள் கிராங்கன்காஸவுக்கு, அதுதான் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கு, எழுதி "எஸ் 1" படிவம் கேளுங்கள். இந்த ஒரு தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கலாம். ஜேர்மன் பென்சன் மட்டும் வாங்குகிற ஒருவர் ஸ்பெயினில் குடியிருக்கும்போது, ஸ்பெயின் அரச வைத்தியத்தை ஜேர்மன் காப்புறுதியின் செலவில் பெறுவதற்கான தாள் அது. மாதக் கட்டணம் முன்புபோலவே பென்சனிலிருந்து கழியும். ஜேர்மனிக்கு வரும்போது அங்கேயும் வைத்தியம் பார்க்கிற உரிமை போகாது. எங்களுக்கு இது வர ஏழு கிழமை எடுத்தது, இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு.

பராமரிப்புக் காப்புறுதியைப் பற்றி, அந்தத் தொழிலில் இருந்தவள் என்பதால் ஒரு சொல். இங்கே வந்தபிறகும் பராமரிப்புப் பணம் கிடைக்கும், உதாரணமாக ஐந்து பராமரிப்புத் தரங்களில் மூன்றாம் தரத்துக்கு 2025இல் மாதம் 599 யூரோ. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்து குளிப்பாட்டுகிற சேவை ஜேர்மனியோடு நின்றுவிடும். இங்கே ஆள் பிடிப்பதும் சம்பளம் கொடுப்பதும் உங்கள் பாடு. ஏற்கனவே நாலாம் ஐந்தாம் தரத்தில் இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வர யோசிப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

பதிவு நீக்கம், அதுதான் அப்மெல்டுங்: வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரிலிருந்து வெளியேறிய இரண்டு கிழமைவரை செய்யலாம். அதற்கு முதல் போனால் திருப்பி அனுப்புவார்கள். உறுதிப்படுத்தும் துண்டைக் கட்டாயம் வாங்கி ஐந்தாறு கொப்பி எடுத்து வையுங்கள். அடையாள அட்டையில் ஜேர்மனியில் வீடில்லை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதை வாசிக்கும்போது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ரீவி, வானொலிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ தானாக நிற்காது, தனியாக எழுதி அந்தத் துண்டின் கொப்பியையும் அனுப்பவேண்டும்.

போன் இலக்கத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நான் வெட்டினேன். டேனியாவில் வீட்டு முற்பணம் அனுப்பப் போனால், வங்கி இரகசிய எண்ணை அந்தச் செத்துப்போன இலக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இலக்கத்தை மாற்றக் கேட்டால் புதுக் குறியீட்டைக் கடிதத்தில் அனுப்பினார்கள், பழைய விலாசத்துக்கு! கடைசியில் மகன் ஹம்முக்குக் கார் ஓடிப்போய், புதிதாக வந்த குடித்தனக்காரரிடம் கடிதத்தை வாங்கினான். ஒரு மலிவு முற்கொடுப்பனவு சிம்முக்கு இலக்கத்தை மாற்றி வைத்திருந்தால் போதும். தபாலையும் ஒரு வருடத்துக்குப் பிள்ளைகள் விலாசத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

இங்கே வந்த பிறகு

ஒழுங்கு மாறினால் அலைச்சல். முதலில் வீட்டு ஒப்பந்தத்தோடு நகரசபைக்குப் போய் "பத்ரோன்" என்கிற குடியிருப்புப் பதிவு. கந்தோர்கள் காலையில்தான், இரண்டு மணிக்குப் பிறகு கதவைத் தட்டாதீர்கள். ஓகஸ்ட் மாதத்தை வருடத்திலிருந்தே கழித்துவிடுங்கள்.

அடுத்தது பச்சைத் துண்டு, அதாவது வெளிநாட்டவராகப் பதிந்ததற்குத் தருகிற சான்று. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியப் பிரசைகள் வெளிநாட்டவர் பதிவேட்டில் பதியவேண்டும். ஈஎக்ஸ்-18 படிவம், கடவுச்சீட்டும் கொப்பியும், பென்சன் கடிதம், எஸ் 1, பத்ரோன் தாள். 790 படிவத்தில் 012 என்ற வகையை அச்செடுத்து, பன்னிரண்டு யூரோ அளவில் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவிட்டுப் போகவேண்டும். வங்கிகள் பல அதைக் காலையில் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஏற்கும். கட்டுவது சுலபம், சந்திப்பு நேரம் எடுப்பதுதான் சீவன் போகிற வேலை. இணையத்தில் பதினேழு நாள் "நேரம் இல்லை" என்றே காட்டியது. இந்த நேரங்களைக் காசுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இலவசம், காசு கொடுக்காதீர்கள். மாகாணத்துக்குள் வேறு ஊரில் கிடைத்தாலும் எடுங்கள்.

அந்தத் துண்டில் உங்கள் வெளிநாட்டவர் இலக்கம் இருக்கும். மின்சாரம், வங்கி, போன் எல்லாவற்றுக்கும் அதுதான். அதை இங்கே "நியே" என்று சொல்கிறார்கள். கடைக்காரப் பெண் "நியே?" என்று கேட்டபோது, இவர் என்னைத் திரும்பிப் பார்த்து "நீயேதான் சொல்லவேணுமாம்" என்றார்.

மேசையைவிட்டு எழும்ப முதல் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஸ்பானியருக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர், தகப்பனுடையது ஒன்று, தாயுடையது ஒன்று. எங்கள் நீளப் பெயரைக் கண்டதும் அந்த உத்தியோகத்தர் என் சொந்தப் பெயரின் பின்பாதியை வெட்டி முதல் குடும்பப்பெயராக்கிவிட்டார். நான் கடவுச்சீட்டில் விரலை வைத்துக் காட்டித் திருத்தினேன். இவர் கவனிக்காமல் வாங்கி வந்துவிட்டார். அவருடைய மருத்துவ அட்டை அதே பிழையோடு வந்து, அதைத் திருத்த நாலு மாதம் போனது.

பச்சைத் துண்டு கிடைத்ததும் எஸ் 1ஐச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்து, அவர்கள் தருகிற தாளோடு உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்குப் போனால் வலென்சியா மாநிலத்தில் "சிப்" என்ற மருத்துவ அட்டை தருவார்கள். வைத்தியர் ஸ்பானிய மொழியில்தான் பேசுவார். அதற்குப் பயப்படாதீர்கள், எங்களுக்குப் பாதி தெரியும். மேசை இங்கேயும் மேசாதான். சப்பாத்து சபாத்தோ, அலுமாரி அர்மாரியோ, குசினி கொசினா. போர்த்துக்கேயர் ஊரில் விட்டுப்போனது இங்கே உதவுகிறது.

காரை ஜேர்மனியில் விற்றுவிட்டு வருவது நிம்மதி. பழைய காலாவதியில்லாத ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் இங்கே குடியிருந்து இரண்டு வருடமானதும் அதைப் புதுப்பிக்கவேண்டும்.

வரியும் உயிலும்

வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் நீங்கள் ஸ்பெயினில் வரி கட்டுகிறவர். 2015இலிருந்து 2029வரை தொடங்குகிற அரச பென்சனில் ஜேர்மனி அதிகபட்சம் 5 வீதம் வரி எடுக்கலாம், 2030இலிருந்து தொடங்குகிறவர்களுக்கு 10 வீதம். அதை இங்கே கட்டுகிற வரியில் கழிப்பார்கள். ஜேர்மன் பக்கத்தை நொய்பிரான்டன்பூர்க் வரி அலுவலகம் பார்க்கிறது. இங்கே படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 30. ஜேர்மனியில் வங்கிப் பணமோ வீடோ, ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31க்குள் 720 என்ற படிவத்தில் அறிவிக்கவேண்டும். இதையெல்லாம் தனியே செய்யாமல் ஒரு "கெஸ்தோர்" பிடியுங்கள். வரித் தாள், கார்த் தாள் எல்லாம் பார்க்கிற முகவர் அவர்.

உயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2015 ஓகஸ்ட் 17 முதல், ஒருவர் கடைசியாக வழமையாக வாழ்ந்த நாட்டின் சட்டப்படிதான் சொத்துப் பிரிக்கப்படும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் முழுவதையும் எழுதிவைக்கிற ஜேர்மன் முறைக் கூட்டு உயில் ஸ்பானியச் சட்டத்தில் அப்படியே நிற்காது. தப்ப வழி இருக்கிறது. ஜேர்மன் பிரசையான நான் என் சொத்துக்கு ஜேர்மன் சட்டத்தையே தெரிவு செய்கிறேன் என்று உயிலில் ஒரு வரி சேர்க்கவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, பெட்டிகளுக்கு நடுவில், கடைசியாக மிஞ்சியிருந்த கதிரையில் மாறி மாறி இருந்து அந்த வரியைக் கையால் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தோம்.