ஊர்க்கோழிக்கு நோயே வராதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஊர்க்கோழிக்கு எதுக்குத் தடுப்பு மருந்து? அதெல்லாம் பார்ம் கோழிக்கு." மலையகத் தோட்டங்களில் இந்தப் பேச்சு சகஜம். இதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியை நம்பியிருந்த கூடுகளைத்தான் இராணிக்கெட் என்ற வைரஸ் நோய் சில நாட்களிலேயே காலியாக்கிவிடுகிறது.

நோயைத் தாங்கும் பலம் மரபணுவிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. கோழியின் 16ஆவது குரோமோசோமில் எம்.எச்.சி. என்றொரு மரபணுத் தொகுதி உண்டு. உள்ளே நுழைந்த கிருமியை உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. அதில் பி21 வகை உள்ள கோழிகள், கால் முடங்கி உடலில் கட்டிகள் வரும் மாரெக் என்ற வைரஸ் நோயை நன்றாகத் தாங்கும், பி19 உள்ளவை சீக்கிரம் விழுந்துவிடும். அதற்காக மாரெக்கைத் தாங்கிய கோழி இராணிக்கெட்டையும் தாங்கும் என்று கணக்குப் போடக்கூடாது.

நான் பார்த்தவரை பெரிய தவறு சேவல் விஷயத்தில்தான். கொண்டை சிவந்த, வாட்டசாட்டமான ஒரு சேவலை மூன்று நான்கு வருடம் வைத்திருப்பார்கள். அதற்குள் அதன் மகள்களும் முட்டையிடத் தொடங்கிவிடும். தகப்பனும் மகளும் சேர்ந்து வரும் குஞ்சில், எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்க 25 வீத வாய்ப்பு உண்டு. எம்.எச்.சி.யில் இரண்டு பிரதிகளும் வேறுவேறாக இருந்தால்தான் பல வகைக் கிருமிகளை அடையாளம் காண முடியும். இரண்டும் ஒன்றானால் அந்தப் பலம் குறையும். முட்டை பொரிப்பதும் குறைந்து, குஞ்சுகள் சோர்ந்து நிற்கும். எனவே மகள்கள் முட்டைக்கு வருமுன் சேவலை மாற்றுங்கள். பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாற்றிப் பயனில்லை, அங்கே நிற்பது பெரும்பாலும் இதே சேவலின் தம்பிதான்! வேறு தோட்டத்தில் தேடுங்கள். கொண்டுவந்ததை உடனே கூட்டில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே கட்டிவையுங்கள். நோயைத் தாங்கும் கோழி, தான் வாடாமலே கிருமியைப் பரப்பும்.

அடுத்தது, நோயில் தப்பிய பெட்டையின் முட்டையை அடைவைத்தால் குஞ்சுகளும் தப்பும் என்ற நினைப்பு. குஞ்சுக்குத் தாயிடமிருந்து மஞ்சள் கரு வழியாக நோயெதிர்ப்புப் பொருள் வருவது உண்மை. ஆனால் அது மரபணு கொடுத்த பலம் இல்லை, சில வாரத்தில் கரைந்துபோகும்.

மொட்டைக்கழுத்துக் கோழியை நோய் அண்டாது என்று கூடுதல் விலைக்கு வாங்குவோரும் உண்டு. அந்த மரபணு இறகைக் குறைத்து உடல் சூட்டை வெளியேற்றும். கீழ்நாட்டு வெயிலுக்கு அது நல்லது. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிருக்கு எதற்கு?

நோயைத் தாங்கும் என்று காட்டுக்கோழி இரத்தம் கலக்கும் ஆசையையும் விடுங்கள். நம் ஊர்க்கோழியின் முக்கிய மூதாதை இலங்கைக் காட்டுக்கோழி அல்ல, ஆசியாவின் செங்காட்டுக்கோழி.

சரி, தடுப்பு மருந்து? இராணிக்கெட்டுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து உண்டு. மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பியில் நிறையக் கோழிகளுக்குப் போடலாம். ஆனால் கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதனால் லயத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் வசதி. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள், பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.