ஃபுட் டைரி எழுதுறவங்க பண்ற தப்புங்க: பாவம், சோத்து மேல பழி போடாதீங்க

வயித்துக்கு எது ஒத்துக்கலன்னு கண்டுபுடிக்க டைரி எழுதுறேன், கொஞ்சம் பாத்து சொல்லுன்னு வாட்ஸ்அப்ல நோட்டை போட்டோ புடிச்சு அனுப்புறவங்க இங்க சிங்கப்பூர்ல எங்க சொந்தத்துலயே அஞ்சாறு பேர் தேறும். வருஷக்கணக்கா ஐபிஎஸ்ஸோட (அடிக்கடி வயித்து வலி, உப்பல், பேதின்னு படுத்துற குடல் கோளாறு) குடும்பம் நடத்துறவன்ங்கற மரியாதைக்குக் கேக்குறாங்க, மத்தபடி நான் டாக்டரும் இல்ல டயட்டீஷியனும் இல்ல. ஆனா எல்லா நோட்டுலயும் அதே ஓட்டைங்கதான். எழுத மறந்துட்டேன், டைம் போடல மாதிரி கதையெல்லாம் விட்டுடுறேன், அது உங்களுக்கே தெரியும்.

வயிறு நல்லா இருந்த நாளை எழுதாம விடுறது

இதைப் பாத்தா மட்டும் எனக்கு இன்னிக்கும் சுர்ருன்னு ஏறும். எங்க அக்கா வீட்டுக்காரரு ஒரு 555 நோட்டு வச்சிருந்தாரு, முன்னாடி மளிகைக் கடையில கடன் எழுதுவாங்களே அந்த குட்டி நோட்டு. தொறந்து பாத்தா வயிறு உப்புன நாள் மட்டும்தான் இருக்கு. திங்கக்கிழமை, "உப்பல், ஏப்பம், சோறு மீன் குழம்பு". அடுத்தது வியாழக்கிழமை, "ரொம்ப மோசம், பிரியாணி". அதுக்கப்புறம் நேரா அடுத்த வாரம். நடுவுல உள்ள நாளெல்லாம் எங்க மாமான்னு கேட்டா, "அன்னிக்குத்தான் ஒண்ணும் பண்ணலயேப்பா, என்னத்த எழுதுறது"ங்கறாரு.

வலி வந்த ஒவ்வொரு நாள்லயும் சோறு இருந்துச்சு, அதனால சிவப்பு பேனால சோத்துக்கு ரவுண்டு போட்டு, இதான் ஒத்துக்கலன்னு நிறுத்திட்டாரு. நம்ம வீட்டுல சோறு இல்லாத நாள் எது? ஊர்ல எந்தக் கல்யாணத்துல நகை தொலைஞ்சாலும் அங்க நாதஸ்வரக்காரர் இருந்தாருன்னு அவரைப் புடிச்சு உள்ள போட்ட மாதிரி இருக்கு. வயித்துக்குத் தொந்தரவு கம்மியா குடுக்குற சாப்பாட்டுல அரிசியும் ஒண்ணு, குடல்ல புளிச்சு கேஸ் கிளப்புற சாப்பாட்டைக் கொறைக்கிற லோ ஃபாட்மேப் டயட்லயே அதைத் தாராளமா சாப்பிடச் சொல்வாங்க. இவரு அதை விட்டுட்டு ராத்திரி சப்பாத்தி, மத்தியானம் ஆபீஸ் கீழ மீ கோரெங், அதாவது வறுத்த கோதுமை நூடுல்ஸ்னு மாறுனாரு. கோதுமையில ஃப்ரக்டான்னு ஒரு வகை சர்க்கரை இருக்கு, அது சிறுகுடல்ல யாருக்குமே உறிஞ்சப்படாது, பெருங்குடலுக்குப் போயி அங்க உள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு கேஸ் ஆக்கும், ஐபிஎஸ் உள்ளவங்களுக்கு அதான் உப்பலும் வலியும். அதனால இன்னும் மோசமாச்சு, உடனே கோதுமையும் கட், அப்புறம் முட்டை கட், கடைசியில இட்லியைப் பாத்தாகூட பயம். அக்கா தனித்தனியா சமைச்சே ஓஞ்சு போச்சு, மனுஷன் பெல்ட்டுல புதுசா ஓட்டை போடுற அளவுக்கு இளைச்சுட்டாரு.

அப்புறம் உக்கார வச்சு, எதையும் நிறுத்தாம வழக்கம்போல சாப்பிட்டுக்கிட்டு ரெண்டு வாரம் எல்லா நாளும் எழுதச் சொன்னேன், நல்ல நாள் ஒரு பக்கம் மோசமான நாள் ஒரு பக்கம். சோறு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. மோசமான பக்கத்துல மட்டும் திரும்பத் திரும்ப வந்தது தால்ச்சா. தேக்கா பக்கம் கூட்டாளிங்களோட பிரியாணி சாப்பிடப் போனா தால்ச்சாவை ரெண்டு தடவை கேட்டு வாங்கி ஊத்திக்குவாரு, பருப்பும் வெங்காயமும் குழைஞ்சு கெடக்கும், ரெண்டுமே மேல சொன்ன மாதிரி கேஸ் கிளப்புற கட்சிதான். தால்ச்சா இல்லாம பிரியாணி சாப்பிட்டாரு, ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் விட்டு தால்ச்சாவோட சாப்பிட்டாரு, உப்பிடுச்சு. இப்படி திருப்பி சாப்பிட்டுப் பாக்காத வரைக்கும் அது வெறும் சந்தேகம்தான்.

கடைசியா சாப்பிட்டதைப் புடிச்சுக்கிறது

ராத்திரி எட்டு மணிக்கு வயிறு உப்புனா ஏழு மணிக்கு சாப்பிட்ட தோசைதான் காரணம்னு எழுதுறாங்க. பால்ல இருக்குற லாக்டோஸ் ஒத்துக்கலன்னா பெரும்பாலும் அரை மணியிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். வெங்காயம், பருப்பு, கோதுமை பெருங்குடலுக்குப் போய்ச் சேரவே சில மணி நேரம் புடிக்கும், அதனால மத்தியானத்துக்கும் போய்ப் பாருங்க, சிலருக்கு முந்தின நாள் வரைக்கும் பாக்கணும்.

சாப்பாட்டுப் பேரோட நிறுத்திடுறது

"தே"ன்னு எழுதுனா எனக்கு என்ன புரியும்? கோப்பிக்கடையில "தே"ன்னா கண்டென்ஸ்டு மில்க் போட்ட டீ, "தே சி"ன்னா எவாப்பரேட்டட் மில்க், "தே ஓ"ன்னா பாலே கெடையாது. லாக்டோஸ் ஒத்துக்காதவங்கள்லயே பல பேருக்கு ஒரே தடவையில 12 கிராம் வரைக்கும், அதாவது ஒரு கப் பால் அளவு, பெருசா ஒண்ணும் பண்ணாது, அப்ப ஒரு கப் தே மேல குத்தம் சொல்றதா இல்ல மூணு கப் தேயும் ஒரு ஐஸ்கிரீமும் சேந்ததைச் சொல்றதா? மைலோல பால் பவுடரும் இருக்கு, பார்லி மால்ட்டும் இருக்கு. கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

இன்னொண்ணு, "குழம்புல வெங்காயத்தைப் பொறுக்கி வச்சுட்டுதான் சாப்பிட்டேன்". வெங்காயம், பூண்டுல இருக்குறதும் ஃப்ரக்டான்தான், அது தண்ணியில கரையும், எப்பவோ குழம்புக்குள்ள எறங்கிடுச்சு. எண்ணெய்ல கரையாது, அதனால பூண்டை முழுசா எண்ணெய்ல வதக்கி எடுத்துப் போட்டுட்டு அந்த எண்ணெய்ல தாளிச்சா வாசனையும் வரும் தொந்தரவும் இருக்காது.

"கொஞ்சம்"ன்னு எழுதுறது

கொஞ்சம்ங்கறது அளவு இல்ல. கரண்டி, கப், கிளாஸ்.

மருந்தை எழுதாம விடுறது

சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு அந்த மாத்திரையே வயித்தால போக வைக்கும். சுகர் ஃப்ரீ மிட்டாய்ல இருக்குற சார்பிட்டாலும் அப்படித்தான். தூக்கம், டென்ஷன், பீரியட் எல்லாம் ஒரு வரியில குறிச்சு வைங்க.

டெஸ்டுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்துறது

சீலியாக்ன்னா கோதுமையில உள்ள க்ளூட்டன்ங்கற புரதத்தால சிறுகுடல் பாதிக்கிற நோய். அதுக்கான ரத்த டெஸ்ட் க்ளூட்டனுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைத்தான் தேடும். நீங்க முன்னாடியே நிறுத்திட்டா அது கொறைஞ்சு போயி, நோய் இருந்தாலும் இல்லன்னு வந்துடும். பாலிகிளினிக்குல டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் நிறுத்துங்க, அங்கேர்ந்து ரெஃபரல் வாங்கிட்டுப் போனா அரசாங்க ஆஸ்பத்திரியில டயட்டீஷியனையும் பாக்கலாம்.

ஐஜிஜி டெஸ்ட்

எந்தச் சாப்பாடு ஒத்துக்கலன்னு கண்டுபுடிக்க ரத்தத்துல ஐஜிஜிங்கற ஆன்டிபாடியைப் பாக்குற டெஸ்ட் இது. வேணாம். ஐஜிஜி இருந்தா அந்த சாப்பாட்டை நீங்க சாப்பிட்டிருக்கீங்கன்னு அர்த்தம், ஒத்துக்கலன்னு அர்த்தம் இல்ல. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா அலர்ஜி டாக்டர் சங்கங்க எல்லாம் இதை சிபாரிசு பண்றதில்லன்னு சொல்லியாச்சு.

டைரியை நம்பி டாக்டர்கிட்ட போகாம இருக்குறது

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை கொறையுறது, தூக்கத்துலேர்ந்து எழுப்புற வயித்துப்போக்கு, இதுல எது இருந்தாலும் டைரி எழுதிக்கிட்டு உக்காந்திருக்காம டாக்டரைப் பாருங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடோ நாக்கோ வீங்கி மூச்சு இழுத்தா அது அலர்ஜி, உடனே 995க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அடிங்க.