மெமரி கார்டு: பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

கெட்டிமேளம் ஒலித்ததும் ஷட்டரை அழுத்திப் பிடித்தேன். மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு வரை படம் விழுந்தது. அப்புறம் கேமரா நின்றுவிட்டது. ஓரத்தில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி ஷட்டர் விழுந்தபோது நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட்டுவிட்டு நகர்ந்திருந்தார். அந்த வீட்டு ஆல்பத்தில் நாத்தனார் முடிச்சு இல்லை. கேமராவில் ஒரு குறையும் இல்லை. முகப்பில் 170 என்று பெரிதாக அச்சிட்டிருந்ததை மட்டும் பார்த்து நான் கார்டு வாங்கியதுதான் தவறு.

அந்த 170 என்பது விநாடிக்கு இத்தனை எம்பி என்று சொல்லும் படிக்கும் வேகம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை இறக்கும்போதுதான் அது உதவும். படம் எடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். அதைப் பல கார்டுகளில் முகப்பில் போடுவதே இல்லை. கணக்கு எளிது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை வைத்திருக்கும் மூலப் படம்) சுமார் 25 எம்பி வரும். விநாடிக்கு 10 படம் எடுத்தால் 250 எம்பி. கார்டு விநாடிக்கு 80 எம்பிதான் எழுதும் என்றால், மீதியெல்லாம் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்கும். பஃபர் நிரம்பினால் கேமரா காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யுஹெச்எஸ் என்பது எஸ்டி கார்டுகளின் வேகத் தரம். யுஹெச்எஸ் 1 வகை கார்டுக்கு அந்தத் தரத்தின்படி உச்ச வேகம் விநாடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேல் போட்டிருக்கும் வேகம், கார்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த முறையில், அதற்கேற்ற கார்டு ரீடரோடு எடுப்பது. பொதுவாகக் கேமராவுக்குள் அது கிடைக்காது. யுஹெச்எஸ் 2 வகை 312 எம்பி வரை போகும். கார்டைத் திருப்பிப் பாருங்கள்: தங்க நிறப் பட்டைகள் ஒரே வரிசையில் இருந்தால் முதல் வகை, அதற்குக் கீழே இன்னொரு வரிசையும் இருந்தால் இரண்டாவது வகை. ஆனால் கேமராவில் கார்டு செருகும் ஸ்லாட் யுஹெச்எஸ் 1 மட்டும்தான் என்றால், இரண்டு வரிசைக் கார்டைப் போட்டாலும் முதல் வகையின் வேகத்தில்தான் எழுதும். கூடுதலாகக் கொடுத்த காசு வீண். ஆகவே கடைக்குப் போவதற்கு முன், உங்கள் கேமரா கையேட்டில் ஸ்லாட் என்ன வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள்.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இன்னும் கவனம் தேவை. பாதுகாப்புக்காக இரண்டு கார்டிலும் ஒரே படத்தைப் பதிவது நல்ல பழக்கம். கல்யாண வேலைக்கு அது கட்டாயம் என்பேன். ஆனால் அப்போது மொத்த வேகத்தையும் மெதுவான கார்டுதான் தீர்மானிக்கும். இன்றும் பலர் பழையதாக வாங்கும் கேனான் 5டி மார்க் 3 (2012) கேமராவில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட், ஒரு எஸ்டி ஸ்லாட். அந்த எஸ்டி ஸ்லாட் யுஹெச்எஸ் வேகத்தை ஏற்பதில்லை. பக்கத்து ஸ்லாட்டில் எவ்வளவு வேகமான கார்டு இருந்தாலும், இரண்டிலும் பதிந்தால் எஸ்டிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் ராவும் எஸ்டியில் ஜேபெக்கும் பதிந்தால் சுமை நன்றாகவே குறையும்.

எஸ்டியை விட வேகமான சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டில் பலரும் தவறுவது வகையில். டைப் ஏ சிறியது, சோனி கேமராக்களில் வருவது. டைப் பி பெரியது. நிக்கான் இசட் 9, கேனான் ஆர் 5 போன்றவற்றில் இருப்பது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. பழைய எக்ஸ்கியூடி கார்டும் டைப் பியும் உருவத்தில் ஒன்றுதான். ஆனாலும் எக்ஸ்கியூடி ஸ்லாட் உள்ள சில நிக்கான் கேமராக்களில் ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பித்த பிறகுதான் டைப் பி ஓடும். பழைய எக்ஸ்கியூடி ரீடரைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வீடியோ எடுப்பவர்கள் பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கேமரா மெனுவில் 400 எம்பிபிஎஸ் என்று இருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 50 மெகாபைட். வி30, வி60, வி90 என்று கார்டில் இருக்கும் எண், விநாடிக்குக் குறைந்தது எத்தனை மெகாபைட் விடாமல் எழுதும் என்பதற்கான உறுதி. எனவே 400க்கு வி60 வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் 12.5 மெகாபைட்தான், வி30 தாராளம். ஏ1, ஏ2 குறிகள் ஃபோனில் ஆப் ஓடுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றால் பயனில்லை.

பழைய கேமராவுக்கு 64 ஜிபி வாங்கிவிட்டுத் திணறுகிறவர்களும் உண்டு. எஸ்டி கார்டில் எஸ்டிஹெச்சி என்ற வகை 32 ஜிபியோடு முடிகிறது. அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. இரண்டாவதை ஏற்காத கேமராக்களும் ரீடர்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் செருகியதும் 'ஃபார்மெட் செய்யவா' என்று கேட்டால், தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். படங்கள் கார்டில் பத்திரமாகவே இருக்கலாம், கம்ப்யூட்டருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

போலிக் கார்டு கேமராவிடம் 128 ஜிபி என்று பொய் சொல்லும். உள்ளே இருக்கும் கொஞ்ச இடம் தீர்ந்த பிறகு எடுக்கும் படங்கள் எங்கும் தங்காது. புதுக் கார்டு வந்ததும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுதும் நிரப்பிச் சோதியுங்கள். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம்.

அது தேறினால் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மெட் செய்து, ராவில் வைத்து, பஃபர் நிரம்பும் வரை ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். எத்தனை படம் விழுந்தது, சிவப்பு விளக்கு அணைய எத்தனை விநாடி ஆனது என்று எண்ணி, கார்டு டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். முகூர்த்த நேரத்துக்கு எந்தக் கார்டைப் போடுவது என்று அந்தச் சீட்டைப் பார்த்துதான் நான் இப்போது முடிவு செய்கிறேன்.