தென் அமெரிக்கக் காலநிலை: படிப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. பெருவின் தலைநகர் லிமா தெற்கே 12 டிகிரியில். இரண்டும் கடலோரப் பெருநகரங்கள். அட்சரேகையை மட்டும் பார்த்துக் காலநிலையைக் கணிப்பவர் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் எழுதுவார். ஆனால் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; லிமாவில் 10 மில்லிமீட்டர் தேறினாலே பெரிது. தென் அமெரிக்காவைப் பற்றி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த அட்சரேகைக் கணக்கில்தான் தொடங்குகின்றன. அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, கண்டத்தின் மேற்கு ஓரம் நெடுக நீளும் ஆண்டிஸ் மலை அதற்கு எங்கே குறுக்கே நிற்கிறது, கரையோரக் கடல் குளிர்ந்ததா, வெதுவெதுப்பானதா?

லிமாவில் மழையில்லை என்றதும் கொளுத்தும் வெயிலைக் கற்பனை செய்துகொள்வது அடுத்த தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே சூரியனைப் பார்ப்பதே அரிது. வானம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதைக் ‘கழுதை வயிறு’ என்று கேலி செய்வார்கள். வெப்பநிலை பெரும்பாலும் 15 முதல் 19 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். துணி காயாது, ஆனால் குடையும் தேவைப்படாது. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் ஹம்போல்ட் நீரோட்டமும் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும் கடலை ஒட்டிய காற்றைக் குளிர்வித்துவிடுகின்றன. அதற்கு மேலே இருப்பதோ வெப்பமான காற்று. கீழே குளிர்ந்து கனத்த காற்றால் மேலெழும்ப முடியாது. எழும்பாத காற்று மூடுபனி தருமே தவிர மழை தராது. நகரின் விளிம்பிலுள்ள குன்றுகளில், குடிநீர்க் குழாய் எட்டாத சில குடியிருப்புகளில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே நெகிழி வலையை விறைப்பாகக் கட்டியிருப்பார்கள். பனி அதில் துளித்துளியாகப் படிந்து, அடியிலுள்ள வாய்க்காலில் வழிந்து தொட்டியில் சேரும். செடிகளுக்கும் துணி துவைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான்.

இதே கரையில் தெற்கே போனால் அடகாமா பாலைவனம். சிலியின் அரிக்கா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, அதாவது 14 ஆண்டுகளுக்கு மேல், மழையே பதிவாகவில்லை. பாலைவனம் என்றால் அனல் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கடற்கரை ஊர்கள் வேலூரின் சித்திரை வெயிலைக் கண்டதேயில்லை. ‘குளிர் நீரோட்டம்’ என்ற ஒற்றைக் காரணத்தோடு விடையை முடிப்பதும் அரைகுறைதான். அமேசான் பக்கத்து ஈரத்தைக் கிழக்கே ஆண்டிஸ் மறிக்கிறது. பசிபிக் உயரழுத்த மண்டலத்தில் மேலிருந்து இறங்கும் காற்று மேகம் வளர விடுவதில்லை. இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் இத்தனை வறட்சி.

தேர்வுத் தாளில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது, என் கணிப்பில், மழை மறைவுப் பகுதி, அதாவது மலை மறிப்பதால் மழை கிட்டாத பக்கம். ‘ஆண்டிஸுக்குக் கிழக்கே ஈரம், மேற்கே வறட்சி’ என்று மனப்பாடம் செய்தவர்கள் கண்டத்தின் தென்பகுதியான பட்டகோனியாவில் மாட்டிக்கொள்வார்கள். வெப்பமண்டலத்தில் காற்று அட்லாண்டிக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுவதால் மலையின் கிழக்குச் சரிவு நனைகிறது. தெற்கே 40 டிகிரியைத் தாண்டினால் மேலைக்காற்றுகளின் ஆட்சி. அவை பசிபிக்கிலிருந்து வந்து சிலியின் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு அர்ஜென்டினாவில் இறங்குகின்றன. அதனால் சிலியின் தென்கோடிக் கரையில் அடர்ந்த மழைக்காடு. மலையைத் தாண்டினால் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெறும் புதர்வெளி. மலை ஒன்றுதான், காற்றின் திசைதான் மாறியது.

உயரத்தை மறப்பதும் வழக்கம். ஈக்குவடாரின் தலைநகர் கிட்டோ ஏறக்குறைய பூமத்திய ரேகைமீதே இருக்கிறது. ஆனால் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சராசரி 14, 15 டிகிரிதான். அருகிலுள்ள கயாம்பே எரிமலையில் பூமத்திய ரேகை பனிமீதே கடந்து போகிறது.

அமேசானுக்கு வருவோம். ‘ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி மழை’ என்பது அந்தப் படுகை முழுவதற்கும் பொருந்தாது. பிரேசிலின் மனாஸ் நகரில் மழை குறையும் மாதங்கள் உண்டு. அங்கே ரியோ நெக்ரோ ஆற்றின் மட்டம் ஓராண்டுக்குள் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவது சாதாரணம். 2021-இல் துறைமுக அளவுகோலில் 30 மீட்டரைத் தொட்ட ஆறு, 2024 அக்டோபரில் 12 மீட்டரைச் சற்றே தாண்டி நின்றது. 1902-இல் தொடங்கிய பதிவில் அதுவரை இல்லாத தாழ்வு அது.

அமேசானை ‘உலகின் நுரையீரல்’ என்பதும், உலக ஆக்சிஜனில் 20 சதவீதம் தருகிறது என்பதும் மேடைப் பேச்சுக்கு ஆகும். அறிவியல் விடைக்கு ஆகாது. காடு வெளிவிடும் ஆக்சிஜனைச் சுவாசத்திலும் மட்கலிலும் ஏறக்குறைய காடே செலவழித்துவிடுகிறது. அதன் உண்மையான கொடை நீராவி. மரங்கள் வெளிவிடும் ஈரம் காற்றோடு மேற்கே போய், ஆண்டிஸில் முட்டி, தெற்கே திரும்பித் தென்பிரேசில் வரை மழையாகிறது. பிரேசிலில் இதைப் ‘பறக்கும் ஆறுகள்’ என்கிறார்கள்.

வங்கக் கடலோரம் வாழும் நமக்கு வெப்பமண்டலக் கடல் என்றாலே புயல் நினைவு வரும். தென் அட்லாண்டிக்கில் அது பெரும் அபூர்வம். 2004 மார்ச்சில் பிரேசிலைத் தாக்கிய கத்தரினா விதிவிலக்கு. இன்னொன்று, இந்தக் கண்டம் வட அமெரிக்காவுக்கு நேர் கீழே இல்லை. மேற்குப் பக்கத்து நாடான சிலியின் சான்டியாகோ, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க்கைவிடக் கிழக்கே இருக்கிறது.

கடைசியாக எல் நினோ. அதை ‘வறட்சி’ என்ற ஒரே சொல்லால் விளக்குவது நம் செய்திகளில் அடிக்கடி நடக்கும் பிழை. பசிபிக்கின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் இந்த நிகழ்வின்போது வடக்குப் பெருவில் வெள்ளம். 1998-இல் அங்குள்ள செச்சுரா பாலைவனத்தில் பெரிய ஏரியே உருவானது. அதே வேளையில் பிரேசிலின் வடகிழக்கு காயும், தென்பிரேசில் மிதக்கும். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876-78 தாது வருடப் பஞ்சத்தின் பின்னணியில் இருந்த அதே எல் நினோதான், பிரேசிலின் சியாராவில் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற 1877-79 வறட்சிக்கும் பின்னணி. தமிழ்நாட்டுக்குள்ளேயே அது இரட்டை முகம் காட்டும்: தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் குறைக்கிற எல் நினோ, வடகிழக்குப் பருவமழையைப் பல ஆண்டுகளில் கூட்டியே தந்திருக்கிறது.