வெளிநாட்டுப் படிப்பா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது என்னை அலையவிட்டது விசா இல்லை, ஒற்றை எழுத்து. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன் ‘மு.’ மட்டும், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக. இரண்டும் வேறு ஆளா என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம் எழுதி, நாலைந்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர்.

அம்மா கட்டித் தரும் ராகி மாவைக் கொண்டுபோகலாம், நெய் டப்பா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை. பவர் பேங்க் கைப்பையில்தான். பெங்களூரு விமான நிலையம் ஓசூருக்கு எதிர்க்கோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. வழியில் வரும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கென்றே தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் திரும்பும்போது, டிகிரியோடு ட்ரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான மதிப்பெண் பட்டியல்), பாடத்திட்டம் எல்லாம் கையோடு வரட்டும். அந்த டிகிரி இங்குள்ள டிகிரிக்குச் சமம் என்று சொல்லும் இணைச் சான்றிதழுக்குத் தேவைப்படும். ஜெர்மனி என்றால் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கிய சான்றையும் வாங்குங்கள். அதைக் காட்டித்தான் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். நான் மறந்துபோய், பர்கூரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர் டிவிக்குக் காசு கட்டினேன்.