பாடகரின் குரலைப் புதைக்காதீர்கள்: பாரில் வாசிக்கும் புதிய குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கிளம்பும் இசைக்குழுக்களுக்கு எல்லா ஒலிகளையும் கலந்து அளவு பார்க்கும் மிக்ஸரில் உட்காரும் வேலையும் நான் பார்ப்பதுண்டு. பிரபலமான பாடல்களை எடுத்து வாசிக்கும் இந்தப் பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் காலத்துக் குழுக்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். மாற்றுக் கம்பி எடுத்துப் போவது, வரிகளை மனப்பாடம் செய்வது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆளாளுக்கு ஒலியை ஏற்றுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவது பாட்டிலேயே கிட்டார்காரர், தன் வாசிப்பு தனக்குக் கேட்கவில்லை என்று, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பைச் சற்றுத் திருகுவார். பேஸ் வாசிப்பவர் விட்டுக்கொடுக்க மாட்டார். டிரம்ஸ்காரர் கையை ஓங்கி அடிக்கத் தொடங்குவார். பாடகரின் தொண்டைக்கு மட்டும் திருகுவதற்குக் குமிழ் கிடையாது. அவருக்காக மைக்கை ஏற்றினால், ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து பெருகி, ஊளையாக வெளிவரும்.

நல்ல பாடகி இருந்த ஒரு குழுவுக்கு இது நடந்தது. இடைவேளைக்குள் அவர் தொண்டை கட்டிவிட்டது. முன் மேசைக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்துவிட்டு, பில்லைக் கேட்டு எழுந்தார்கள். கிட்டார்காரரைக் கேட்டால், "எனக்கே கேட்கவில்லையே, அண்ணா" என்றார். பொய்யில்லை. ஆம்ப் தரையில், அவர் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. கிட்டாரின் கூர்மையான உயர் ஒலிகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் பாய்பவை. அவர் காதைத் தொடாமல் முன்வரிசையின் முகத்தில் அறைந்துகொண்டிருந்தன. ஆம்பை நாற்காலியில் ஏற்றி அவர் காதை நோக்கிச் சாய்த்தேன். அவரே குமிழைக் குறைத்தார். ஆனால் அந்தக் குழுவை அங்கே மறுபடி அழைக்கவில்லை.

திருகுவதால் லாபமும் சொற்பம். ஆம்பின் ஆற்றலை இருமடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். இழப்போ பெரிது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், காதைக் காக்க 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவர் அதை முதல் சில பாடல்களிலேயே தாண்டிவிடுவார்.

சின்ன அறையில் மைக் இல்லாத டிரம்ஸின் சத்தம்தான் மற்ற ஒலிகளுக்கு உச்சவரம்பு. அதுவும் அதிகமென்றால், மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸால் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்து குரல்: ஊளை எட்டிப் பார்க்கும் வரை ஏற்றி, சற்று இறக்கி நிறுத்துங்கள். மற்றவர்கள் அந்தக் குரலுக்குக் கீழேதான் அமர வேண்டும், எத்தனை பெரிய ஆம்ப் வைத்திருந்தாலும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்ட் வகை மைக் தன் நேர் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை அங்கே வையுங்கள். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்ட் வகைக்கு அந்த இடம் பின்புறத்தின் இரு ஓரங்களில் இருக்கிறது.

மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பது

பின்பக்க ஒலியைத் தடுக்கும் அதன் அமைப்பே கெட்டுவிடும். தண்டைப் பிடியுங்கள்.

காலி அறையின் சவுண்ட் செக்கை நம்பிவிடுவது

ஆட்கள் நிறைந்ததும் உயர் ஒலிகளை உடலும் உடையும் உறிஞ்சிவிடும். மாலையில் சரியாக இருந்த குரல் இரவில் மங்கும். முதல் பாட்டு அனைவரும் வாசிக்கும் எளிய பாட்டாக இருக்கட்டும். அது ஓடும்போதே ஒருவர் கடைசி மேசை வரை நடந்து கேட்டு வர வேண்டும்.

மூலப் பாடலின் சுருதியைப் பிடித்துத் தொங்குவது

பாடகருக்கு எட்டவில்லையென்றால் ஒன்றிரண்டு கட்டை இறக்குங்கள்.

எல்லோரும் கேட்கச் சுருதி கூட்டுவது

சுருதியைக் காட்டும் ட்யூனரில், வெளியே போகும் ஒலியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

நேரம் தாண்டி வாசிப்பது

உரிமையாளர் கைகாட்டினால் அந்தப் பாட்டோடு நிறுத்துங்கள். கூட்டம் இன்னொன்று கேட்டாலும் அவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.