எட்டோஷா இரவுக்கு ஒரு ஜாக்கெட்

நமீபியாவின் எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுக்கு இருவராகப் போகிறீர்களா? பகல் முழுக்க வண்டியில் அலைந்து களைத்துப் போகாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஒக்காகுவேயோ முகாமில் ஓர் இரவாவது தங்குங்கள். முகாமை ஒட்டியே நீர்க்குட்டை, இரவிலும் விளக்கு வெளிச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை இருக்காது. விலங்குகள் தண்ணீரைத் தேடி வந்தே ஆகவேண்டும்.

நானும் கணவரும் பத்து மணிக்கு மேல் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. அது தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது! அந்த நேரத்துக் குளிரில் பல் கிட்டித்துவிடும். ஜாக்கெட்டும் கம்பளியும் கட்டாயம். பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும். ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்த்தால் நல்ல காட்சி ஒருவருக்குத் தவறிவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், பாவம் அந்த உயிர்கள்.

அப்புறம், தெற்கே இறங்கும்போது ட்வைஃபல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களை விட்டுவிடாதீர்கள். 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். பாறை சூடேறுமுன் காலையிலேயே போய், வால் நுனியில் பாதம் செதுக்கிய சிங்கத்தைக் காட்டும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள்.